காலடி மண்

ஹெல்கா எங்கள் வீட்டில் தங்கியிருந்த நாட்களில் முற்றத்து மணலில் எல்லோருடைய காலடியும் இருக்கும், அவளுடையது மட்டும் இருக்காது. காலையில் மாடியறையிலிருந்து இறங்கிக் கிணற்றடிக்குப் போவாள். முகம் கழுவித் திரும்பிப் பார்த்தால், வந்த தடம் காணாமல் போயிருக்கும். என் செருப்புத் தடம் இருக்கும். நாத்தனார் துர்ஃபாவின் வெறுங்கால் தடம் இருக்கும். கோழி நடந்த கோடுகூட இருக்கும். இதை ஹெல்கா முதல் நாளே கவனித்துவிட்டாள். கவனித்ததை யாரிடமும் கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொண்டாள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அப்போதுதான் யார்மேலும் அநியாயமாகப் பழி விழாது.

எங்கள் ஊர் கஸீம் பக்கம், புரைதாவைத் தாண்டி மண் பாதையில் போகவேண்டும். வீட்டில் நான், என் கணவர் சுலைமான், அவருடைய அக்கா துர்ஃபா, என் மகள் ஜவ்ஹரா. துர்ஃபாவின் புருஷன் இறந்துவிட்டார். மகன் ராஷித் ரியாத்தில் பட்டாளத்தில் இருந்தான். அதனால் ஊரே அவளை ராஷிதின் அம்மா என்ற அர்த்தத்தில் உம்மு ராஷித் என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். ஜவ்ஹரா எனக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, இனிமேல் இல்லை என்று எல்லோரும் பேச்சை விட்டபிறகு பிறந்தவள். அப்போது நடக்கப் பழகி, கண்ணில் பட்டதையெல்லாம் பேர் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சுலைமானுக்கு விவசாய அலுவலகத்தில் வேலை. ஒரு மத்தியானம், "வழி, வழி" என்று, உள்ளே வேற்றுப் பெண்கள் இருந்தால் முகத்தை மூடிக்கொள்ளட்டும் என, வழக்கத்தைவிட உரக்கக் குரல் கொடுத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"ஒரு வெள்ளைக்காரப் பொம்பளை வர்றாங்க. டென்மார்க்காம். நம்ம பக்கத்துப் பொம்பளைங்க எப்படி வாழுறாங்கன்னு புத்தகம் எழுதப் போறாங்களாம். மாகாண அமீர் ஆபீஸ்ல நம்ம வீட்டக் கை காட்டிட்டாங்க."

"ஊர்ல வேற வீடே இல்லையா?" என்றேன்.

"மாடியறைக்குத் தனிப் படி இருக்குல்ல. நீயும் பள்ளிக்கூடம் போனவ. கேட்டதுக்குப் பதில் சொல்லுவ."

துர்ஃபா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "டென்மார்க்குன்னா வெண்ணெய் டப்பா வர்ற ஊருதானே? வரட்டும், வரட்டும். டப்பாவோட வரச் சொல்லு."

டப்பா இல்லாமல்தான் வந்தாள். நெட்டையான உடம்பு, மஞ்சள் முடியில் பாதி நரை. தோளில் கறுப்புப் போர்வை, தலையில் கழுத்துவரை ஒரு நீலத் துணி. முகத்தை மட்டும் மூடவில்லை. மூடினால் கடைத்தெருவில் தொந்தரவு இருக்காது என்று சுலைமான் என் வழியாகச் சொல்லிப் பார்த்தார். "என் முகத்தை நான் எவருக்காகவும் மறைத்ததில்லை" என்றாள். பெய்ரூட்டில் அரபி படித்தவள். அவள் பேச்சு வானொலியில் செய்தி வாசிப்பதுபோல இருக்கும். ஒரு குவளை தண்ணீர் கேட்டால்கூட, ஏதோ நாட்டில் ஆட்சி மாறிவிட்டது என்று தோன்றும்.

அன்று சாயங்காலமே தெருப் பெண்கள் எல்லோரும் எங்கள் உள்ளறைக்கு வந்துவிட்டார்கள். நான் பேரீச்சம்பழத் தட்டை வைத்து ஏலக்காய்க் காப்பி ஊற்றிக்கொண்டே இருந்தேன். எல்லோரும் திரையைக் கழற்றிவிட்டு அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"உங்கள என்னன்னு கூப்பிடுறது? உம்மு யாரு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எனக்குப் பிள்ளைகள் இல்லை. திருமணமும் ஆகவில்லை."

துர்ஃபாதான் கேட்டாள். "ஏம்மா, ஒருத்தர்கூட வந்து கேக்கலையா? எங்க ஊருக்கு முன்னாடியே வந்திருந்தா வாசல்ல நாலு பேரு நின்னிருப்பானுங்க. மூணு பேருக்குப் பல்லு இருக்காது, அது வேற."

எல்லோரும் சிரித்தார்கள். ஹெல்காவும் சிரித்தாள். பிறகு ஊர் எப்படி இருக்கிறது என்று நாங்கள் கேட்டதற்கு, யோசித்து, "உங்கள் ஊரில் எல்லா வீடுகளும் தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்கின்றன" என்றாள்.

"செவுத்துக்கு ஏதும்மா முதுகு?" என்றாள் துர்ஃபா. "நீங்க உள்ள வந்தாச்சு. இப்ப மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

அந்த நேரத்தில் ஜவ்ஹரா தூக்கம் கலைந்து எழுந்து வந்தாள். ஹெல்கா அவளைக் கண்டதும் காப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். முகவாயைப் பிடித்துத் தூக்கி உற்றுப் பார்த்தாள். "என்ன கண்கள்! என் வாழ்நாளில் இப்படிப்பட்ட கண்களைக் கண்டதில்லை. இவளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது."

அவ்வளவுதான் சொன்னாள். பாராட்டினால் கூடவே சொல்லவேண்டிய மாஷா அல்லாஹ்வைச் சொல்லவில்லை. நாங்கள் காத்திருந்தோம். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துர்ஃபா இருமினாள், பிறகு தானே உரக்கச் சொன்னாள், "மாஷா அல்லாஹ்." ஹெல்கா அவளுக்குத் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று நினைத்துத் தண்ணீரை எடுத்து நீட்டினாள்.

அதற்குப் பிறகு பல நாள் நன்றாகத்தான் போயிற்று. என்னோடு தோட்டத்துக்கு வந்தாள். அங்கே எங்கள் தெரு வத்ஹாவின் மகன் ஃபய்ஸல், மீசை அரும்பாத பையன், பேரீச்ச மரத்தில் கயிறு இல்லாமல் ஏறுவதைப் பார்த்துக் கை தட்டினாள். தொழுகை நேரத்தில் கடைகள் மூடுவதை, ஆண்கள் மனைவியின் பேரைச் சொல்லாமல் "வீட்டில்" என்று சொல்வதை, கல்யாண வீட்டில் நாங்கள் கூந்தலைச் சுழற்றி ஆடுவதை, எல்லாவற்றையும் பார்த்தாள். எதைப் பார்த்தாலும் கண்ணை விரித்து, கொஞ்சநேரம் எடுக்காமல் பார்ப்பாள். பார்ப்பதுதானே அவள் வேலை.

ஃபய்ஸல் மரத்திலிருந்து விழுந்து இறந்துபோனான். அந்த வாரமே ஜவ்ஹராவுக்கு உடம்பு சுட்டது.

முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். மருந்தகத்து எகிப்துக்கார டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார். விடாமல் ஊற்றுங்கள், இறங்கிவிடும் என்றார். ஊற்றினேன். உடம்புச் சூடு ஏறி இறங்கிக்கொண்டிருந்ததே தவிர விடவில்லை. குழந்தை பேசுவதை நிறுத்திவிட்டாள். காலை ஊன்றவில்லை. பால் குடிக்கவில்லை. அறையின் மூலையைப் பார்த்தபடி கிடந்தாள். என்ன பார்க்கிறாள் என்று நானும் அந்த மூலையில் போய் நின்று பார்த்தேன். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்தான் இருந்தது. நான் நின்ற பிறகும் அவள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தாள்.

துர்ஃபா சொன்னாள்: "இது காய்ச்சல் இல்லடி ஹைலா. கண்ணு. யாரு கண்ணுன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

எங்கள் பக்கத்தில் கண் பட்டுவிட்டால், பட்டது யாருடையது என்று தெரிந்தவரையில், அவரிடமே போய்க் கேட்போம். அவர் முகம், கை, கால் கழுவிய தண்ணீரைக் கொடுப்பார். அதை நோயாளியின் பின்னாலிருந்து ஊற்றுவோம். கேட்டால் மறுப்பதும் இல்லை, கோபித்துக்கொள்வதும் இல்லை. என் சித்தப்பாவின் கண்ணுக்கு ஊரில் நல்ல பெயர். அவர் யாருடைய ஒட்டகத்தைப் பாராட்டினாலும் மறுநாள் அண்டாவோடு ஆள் வந்துவிடும். கழுவிக் கொடுத்துவிட்டு, வந்தவனுக்குக் காப்பியும் கொடுத்து அனுப்புவார். தன் கண் இப்படிச் செய்யும் என்று மனிதனுக்கே தெரியாது. அதில் அவன் குற்றம் ஒன்றும் இல்லை.

ஆனால் சுலைமான் ஒப்புக்கொள்ளவில்லை.

"விருந்தாளிகிட்டப் போயி, உங்க கண்ணு எங்க பிள்ளைய அடிச்சிருச்சுன்னு சொல்றதா? அமீர் அனுப்புன ஆளு அக்கா அவங்க. என் மூஞ்சில மண்ணப் போட்டுடாதீங்க."

"அப்ப பிள்ளைமேல மண்ணப் போடலாமா?" என்றாள் துர்ஃபா.

அவர் எழுந்து போய்விட்டார். தெரியாமல் செய்துகொள்ளுங்கள் என்று அதற்கு அர்த்தம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். சொல்லிக் கேட்க முடியாதபோது வேறு வழி உண்டு. அந்த ஆள் தொட்டது, மிதித்தது, குடித்துவிட்டு வைத்தது, எதிலிருந்தாவது கொஞ்சம் எடுக்கவேண்டும். துர்ஃபா ஈரத் துணியும் கையுமாக ஹெல்காவின் பின்னாலேயே நடக்க ஆரம்பித்தாள். அவள் பிடித்த கதவு வளையத்தைத் துடைத்தாள். அவள் குடித்த கிண்ணத்தை, அடியில் மீதி இருக்கும்போதே எடுத்துக்கொண்டு ஓடினாள். துப்பிய பேரீச்சங்கொட்டையை எடுத்தாள். முதல் நாளே காலடி மண்ணை அள்ளி வைத்ததும் அவள்தான், ஒரு முன்னெச்சரிக்கைக்காக. இப்போது ஒரு தடம் விடாமல் அள்ளினாள். எல்லாவற்றையும் தண்ணீரில் அலசி ஜவ்ஹராமேல் ஊற்றினோம். குழந்தை மூலையைப் பார்ப்பதை விடவில்லை.

"அரைகுறையா எடுத்தா அரைகுறையாத்தான் கேக்கும்" என்றாள் துர்ஃபா. அவளுடைய உள்ளங்கைகள் ஈரத்திலேயே ஊறி வெளுத்திருந்தன.

ஹெல்கா மாடியிலிருந்து இறங்குவது குறைந்துகொண்டே வந்தது. இறங்கினால் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். ஒரு நாள் முன்மாலைத் தொழுகைக்குப் பிறகு நான் ஜவ்ஹராவை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வந்து எதிரில் உட்கார்ந்தாள். தலைத்துணியின் ஓரத்தை விரித்துக் காட்டினாள். நுனியில் கொஞ்சம் கத்தரிக்கப்பட்டிருந்தது. அது எனக்கே தெரியாது.

"ஹைலா, இந்த வீட்டில் என் பின்னால் யாரோ நடக்கிறார்கள். நான் தொட்ட இடம் ஈரமாகிறது. நான் குடித்த கிண்ணம் மறைகிறது. நான் நடந்த தடம்கூட நிற்பதில்லை. முதலில் என் புத்தி பேதலிக்கிறது என்று நினைத்தேன். பிறகு இன்று கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தேன். உம்மு ராஷித் என் கை பட்ட இடத்தைத் துடைக்கிறார்."

நான் ஜவ்ஹராவின் போர்வையை இழுத்துவிட்டேன்.

"எனக்குப் புரிகிறது. நான் வேறு மதத்தவள். உங்களுக்கு நான் அசுத்தமானவள். இதை எழுதத்தான் போகிறேன், உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கவேண்டும். என்னை அருகில் உட்காரவைத்து, ஒரே தட்டில் கைபோட்டு உண்டீர்களே. பிறகு உள்ளே போய்க் கைகளைத் தேய்த்துக் கழுவினீர்களா?"

விருந்தாளியை அசுத்தம் என்று நினைக்கிற வீடு என்று பெயர் வாங்குவதைவிடக் கேவலம் எங்களுக்கு இல்லை. அதை மறுக்கவேண்டுமானால் உண்மையைச் சொல்லவேண்டும். உண்மையைச் சொன்னால் சுலைமான் முகத்தில் விழிக்க முடியாது. மடியில் ஜவ்ஹரா அனலாகக் கிடந்தாள். நான் குழந்தைக்காகத்தான் வாயைத் திறந்தேன்.

"அது இல்லீங்க. சத்தியமா அது இல்ல. உங்கள அசிங்கம்னு யாரும் நினைக்கல. உங்க கண்ணு பட்டுருச்சு. அதுக்கு மருந்து நீங்கதான். கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு இப்படிப் பொறுக்குறோம்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். பல நாள் கழித்து அவள் சிரிப்பைக் கேட்கிறேன், பாரம் இறங்கிய சிரிப்பு. "இவ்வளவுதானா? இதற்கா நான் அறைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன்? உம்மு ராஷிதைக் கூப்பிடுங்கள். பாத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள்."

துர்ஃபா பித்தளைத் தாம்பாளத்தையும் செம்பையும் கொண்டுவந்தாள். ஹெல்கா முற்றத்தில் பலகையில் உட்கார்ந்து, நாங்கள் சொன்னபடி முகம், முழங்கை, முழங்கால், பாதம் என்று ஒவ்வொன்றாகக் கழுவினாள். "என் ஊரில் இதைச் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள்" என்று சொல்லிக்கொண்டே கால்விரல் இடுக்குகளைக்கூட விடாமல் கழுவினாள். துர்ஃபா அவள் தலையில் முத்தம் கொடுத்தாள். "உங்க மனசுக்கு அல்லாஹ் கூலி கொடுப்பான்மா. நான் உங்க பின்னாடி திருட்டுப் பூனை மாதிரி அலைஞ்சதுக்கு மன்னிச்சிருங்க. இடுப்பே ஒடிஞ்சு போச்சு எனக்கு."

ஜவ்ஹராவைத் தூக்கிப் பிடித்துப் பின்னாலிருந்து அந்தத் தண்ணீரைத் தலையில் ஊற்றினோம். உடம்பு தூக்கிப்போட்டது. வீறிட்டு அழுதாள். அவள் சத்தம் கேட்டு எத்தனை நாளாகியிருந்தது! ஹெல்கா தள்ளி நின்று ஈரக் காலோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் குழந்தை என் காதைப் பிடித்து இழுத்தாள். "பழம்" என்றாள். தொட்டுப் பார்த்தேன், உடம்பு பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. பேரீச்சம்பழத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து முற்றத்துக்கு நடந்தாள்.

துர்ஃபா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. ஹெல்கா படியில் இறங்கி வந்து, பாதியில் நின்றாள். கீழே ஜவ்ஹரா கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள். நான் அப்போது ஹெல்காவின் முகத்தைப் பார்த்தேன். முதலில் மகிழ்ச்சி வந்தது. அது வந்த வேகத்திலேயே நின்று, வேறு ஏதோ வந்தது. அவள் படியின் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அதை அப்போது நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. பிறகுதான் யோசித்தேன். குழந்தை குணமாகாமல் இருந்திருந்தால், எங்கள் நம்பிக்கை எங்களோடு, அவள் சிரிப்பு அவளோடு என்று போயிருக்கும். குணமானதுதான் அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

அன்று முழுக்கப் பெண்கள் வந்தபடி இருந்தார்கள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அதை நான் உறுதியாகச் சொல்வேன். சிலர் கோதுமைக் கஞ்சி கொண்டுவந்தார்கள், ஒருத்தி நெய் கொண்டுவந்தாள். கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். பிறகு மூன்றாம் வீட்டு நவ்ரா, போர்வைக்குள்ளிருந்து ஒரு கிண்ணியை வெளியே எடுத்தாள்.

"எம் பையனுக்குக் கண்ணு பொங்கி நீர் வடியுது. அன்னைக்குத் தெருவுல நீங்க அவனுக்கு மிட்டாய் கொடுத்தீங்கல்ல? கொஞ்சம் கழுவிக் கொடுத்தீங்கன்னா…"

ஹெல்கா கழுவிக் கொடுத்தாள். அதைப் பார்த்து இன்னொருத்தி வீட்டுக்கு ஓடினாள். பால் வற்றிப்போன ஆட்டுக்கு, பொரிக்காத முட்டைக்கு, மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் பேச்சே எடுக்காமல் போன பெண்ணுக்கு. எல்லோர் கையிலும் ஒரு பாத்திரம். சாயங்காலத்துக்குள் முற்றத்தில் அண்டா, தாம்பாளம், வெண்ணெய் டப்பாகூட ஒன்று, வரிசையாகக் காத்திருந்தன. கேட்டவர்கள் எல்லோரும் பிரியமாகத்தான் கேட்டார்கள். சிரித்துப் பேசிக்கொண்டே கேட்டார்கள்.

"அடியே, அவங்க காலு தேஞ்சு போயிரும்டி! மீதிய வெள்ளிக்கிழமைக்கு வெச்சுக்கோங்க" என்று துர்ஃபா விரட்டிப் பார்த்தாள். ஹெல்கா, "இருக்கட்டும், வரட்டும்" என்றாள். அவள் பாதங்கள் சுருங்கி, வேகவைத்ததுபோல் வெளுத்துவிட்டன. ஒவ்வொருத்தியிடமும், "நான் எப்போது பார்த்தேன்? எங்கே வைத்துப் பார்த்தேன்?" என்று கேட்டாள். அவர்களும் மறைக்காமல் சொன்னார்கள். நீங்கள் கிணற்றடியில் பார்த்தீர்கள், கல்யாண வீட்டில் பார்த்தீர்கள், தோட்டத்துக்குப் போகும் வழியில் நின்று பார்த்தீர்கள். இந்த ஊரில் அவள் பார்த்த எல்லாவற்றையும் ஊர் அவளுக்கு எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

எல்லோரும் போனபிறகு கடைசியாக வத்ஹா வந்தாள். ஃபய்ஸலின் தாய். அவள் கையில் பாத்திரம் இல்லை. திரையைத் தூக்கிவிட்டு ஹெல்காவின் எதிரில் உட்கார்ந்தாள். நான் ஊற்றிய காப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தண்ணி வேணாம்மா. இனிமே எதுக்கு. அன்னைக்குத் தோட்டத்துல எம் பையன் மரம் ஏறுறதப் பாத்துக் கை தட்டுனீங்களே. வீட்டுக்கு வந்து சொன்னான். அந்த வெள்ளைக்காரம்மா எனக்குக் கை தட்டுனாங்கம்மான்னு. அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு."

ஹெல்கா ஈரப் பாதங்களை உடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சா செஞ்சீங்க? ஒண்ணும் இல்ல. மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். நீங்க ஊருக்குப் போறப்ப மனசுல ஒண்ணும் வெச்சுக்காம போகணும்ல."

குனிந்து ஹெல்காவின் ஈரமான தலையில் முத்தம் கொடுத்துவிட்டு, திரையை இறக்கிக்கொண்டு போய்விட்டாள். காப்பியை அவள் குடிக்கவே இல்லை.

அன்றிரவு ஹெல்கா சாப்பிட வரவில்லை. மறுநாள் காலை நான் ரொட்டியும் தேநீரும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனபோது, அறையில் முதுகைக் காட்டி நின்றிருந்தாள்.

"ஹைலா, உங்கள் முகத்திரை ஒன்று எனக்குக் கிடைக்குமா? கண்களுக்குத் துளை இல்லாதது."

"வெளிய போறீங்களா?"

"இல்லை."

நான் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். "இங்க பாருங்க. குழந்தைக்கு மருந்து கொடுத்துக்கிட்டே இருந்தோம். டாக்டரு சொன்ன மாதிரி இறங்கிருச்சு. அதுதான் விஷயம். என் வீட்டுக்காரரும் அதத்தான் சொல்றாரு."

"நீங்கள் அதை நம்புகிறீர்களா?"

நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன். அவள் சட்டென்று திரும்பினாள். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். அது தானாக நடந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஃபய்ஸல் கால் வழுக்கி விழுந்தான்" என்றேன். "கயித்தக் கட்டிக்காம ஏறுவான். அவங்கம்மா தினம் திட்டுவா."

"ஆம். நான் கை தட்டியது அதற்குத்தான். கயிறு இல்லாமல் ஏறியதற்கு."

என் பழைய திரை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதற்குப்பின் அவள் முகத்தை நாங்கள் பார்க்கவில்லை. வீட்டுக்குள் பெண்களுக்கு நடுவில் யாரும் திரை போடுவதில்லை. அவள் மட்டும் போட்டுக்கொண்டு, தடவித் தடவிப் படி இறங்கினாள். சாப்பிடும்போது திரைக்கு அடியில் கையைக் கொண்டுபோய்ச் சாப்பிட்டாள். ஜவ்ஹராவின் குரல் கேட்டால் எழுந்து மாடிக்குப் போய்விடுவாள். எழுதுவதை நிறுத்திவிட்டாள். மாடி ஜன்னலில் கறுப்பாக ஒன்று நிற்கிறது என்று தெருப் பிள்ளைகள் பயந்தார்கள். ஊரில் எல்லாப் பெண்களும் கறுப்புதான் போட்டிருந்தார்கள். அந்த ஒன்றுக்கு மட்டும்தான் பிள்ளைகள் ஓடினார்கள். கண்ணில்லாத அந்த முகம் தெருப்பக்கம் திரும்பியே இராது, உள்சுவரைப் பார்த்தபடி இருக்கும் என்று நான் சொன்னாலும் கேட்கவில்லை.

"நாம என்னடி தப்பு செஞ்சோம்?" என்று துர்ஃபா ஒரு நாள் அடுப்படியில் கேட்டாள். "உன் சித்தப்பா எத்தனை பேருக்குக் கழுவிக் கொடுத்திருப்பாரு. மத்தியானம் நல்லா சாப்ட்டுட்டுத் தூங்குவாரு. இந்தம்மா ஏன் இப்படிக் கிடக்கு?"

"அவருக்குச் சின்ன வயசுலேர்ந்து பழக்கம் உம்மு ராஷித். இவங்களுக்கு இந்த வயசுல தெரிஞ்சிருக்கு. போன வழியெல்லாம் திரும்பிப் பாக்குறாங்க" என்றேன்.

அது சரிதான். ஒரு மத்தியானம் மாடியறை வாசலில் நான் நின்றபோது, அவள் தன் மொழியில் மெல்லிய குரலில் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊர்களின் பெயரா, மனிதர்களின் பெயரா தெரியாது. ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் கொஞ்சம் நிறுத்தி, யோசித்து, அடுத்ததற்குப் போனாள்.

அவள் குறித்திருந்த நாளுக்கு முன்பே புறப்பட ஏற்பாடு செய்யச் சொன்னாள். சுலைமான் வண்டி கொண்டுவந்தார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். என்னிடம் கோபிக்கவில்லை. ஆனால் பல நாள் என்னிடம் சரியாகப் பேசவும் இல்லை.

போகும் காலையில் நான் ஜவ்ஹராவை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படியின் கீழே நின்றேன். அவள் இறங்கி வந்து, என் குரல் கேட்டு, நின்றாள்.

"ஒரு தடவை இவளப் பாத்துட்டுப் போங்க" என்றேன். "நான் மாஷா அல்லாஹ் சொல்லிட்டேன். உம்மு ராஷித் சொல்லிட்டாங்க. ஓதி ஊதியும் விட்டாச்சு. நீங்களும் சொல்லிட்டுப் பாருங்க. ஒண்ணும் ஆகாது. நீங்க பாக்காம போனா எனக்குத்தான் மனசு ஆறாது."

அவள் அசையவில்லை. நான் கிட்டப் போய், அவள் திரையின் ஓரத்தைப் பிடித்து மெதுவாகத் தூக்கி, தலைக்குப் பின்னால் போட்டேன்.

முகம் மெலிந்து, வெயில் படாமல் வெளிறியிருந்தது. கண்களை இறுக மூடியிருந்தாள். திரைக்குள்ளேயும் மூடித்தான் வைத்திருந்திருக்கிறாள். இமையின் ஓரங்களில் தோல் சிவந்து சுருங்கியிருந்தது. எவ்வளவு நாளாக அப்படி என்று நான் கேட்கவில்லை.

ஜவ்ஹரா முன்னால் சாய்ந்து அவள் இமைமேல் விரலை வைத்தாள். நான் தூங்குவதுபோல் நடித்தால் என்னிடமும் அப்படித்தான் விளையாடுவாள். "தொற" என்றாள். இமையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "கண்ணு தொற."

ஹெல்கா கையை நீட்டி, தடவி, குழந்தையின் நெற்றியைத் தொட்டாள். பிறகு கன்னம், முகவாய். கண்களை மட்டும் தொடாமல் சுற்றிப் போனது விரல். அப்போது அவள் பேசியது வானொலி அரபி இல்லை. எங்கள் பேச்சு, துர்ஃபா பேசுகிற மாதிரி.

"வேணாம்டி கண்ணு" என்றாள். "பயமா இருக்கு."

திரையை அவளே இறக்கிக்கொண்டாள். என் கையைப் பிடிக்கச் சொன்னேன், பிடிக்கவில்லை. சுவரைத் தொட்டுக்கொண்டு, முற்றத்தில் கோணலாக நடந்து, வாசல் கதவு வளையத்தைத் தேடிப் பிடித்துத் திறந்துகொண்டு போனாள். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

துர்ஃபா பழக்கத்தில் ஈரத் துணியோடு வந்துவிட்டாள். கதவுக்கு முன்னால் வந்ததும் நின்றாள். மணலைப் பார்த்தாள். படிக்கட்டிலிருந்து வாசல்வரை ஹெல்காவின் காலடி வளைந்து வளைந்து போயிருந்தது. எங்கள் வீட்டில் முதல்முறையாக அது அப்படியே இருந்தது.

"இத என்னடி பண்றது?" என்றாள்.

"விடுங்க உம்மு ராஷித்" என்றேன்.

ஜவ்ஹரா இறங்கி நடக்கத் துடித்தாள். நான் அவளை இறக்கிவிடவில்லை. இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, அந்தத் தடத்தில் கால் படாமல், சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். துர்ஃபாவும் அப்படியே சுற்றிக்கொண்டுதான் வந்தாள்.